புறவாசல் சாய்ப்பும் ஐந்தடி இடைவெளியும்

பெரியவர் சிவனா, திருமாலா என்று சங்கன், பதுமன் என்னும் இரு நாக அரசர்கள் வழக்காடினர். அந்த வழக்கைத் தீர்க்க கோமதி அம்மன் தவமிருந்தாள். ஒரே திருமேனியில் சங்கரனாகவும் நாராயணனாகவும் இறைவன் காட்சி தந்தான். இது சங்கரன்கோவிலின் தலபுராணம். ஆண்டுதோறும் ஆடித்தபசு நாளில் மக்கள் திரள்வது அந்தக் காட்சியைக் காணத்தான். ஒரு வழக்கு தீர்ந்த நாளையே திருவிழாவாகக் கொண்டாடும் ஊர் அது.

அந்த ஊரிலும், அதைப் போன்ற தமிழகத்தின் எத்தனையோ சிறுநகரங்களிலும் எளிதில் தீராத இன்னொரு வழக்கு உண்டு. அது புறவாசலில் தொடங்குகிறது. ஒருவர் தம் வீட்டின் பின்புறத்தில் மதிலை ஒட்டிச் சாய்ப்பு இறக்குகிறார். விறகு, இரு சக்கர வாகனம், நூல் மூட்டை, பழைய கட்டில் என ஏதோ ஒன்றைப் போட்டுவைக்க ஒரு தகரக் கொட்டகை, அவ்வளவுதான். மறுபுறம் இருப்பவருக்கோ அது சமையலறை ஜன்னலை மறைக்கும் சுவர். மழை நாளில் தம் சுவர்மீது கொட்டும் தண்ணீர்.

'அண்ணாச்சி, எங்க இடத்துலதான போடுதேன், உங்களுக்கென்ன?' என்பது ஒருவர் கேள்வி. 'இடம் உங்க இடந்தான் தம்பி, தண்ணி எங்க சுவத்துலல்லா விழுது' என்பது மற்றவர் பதில். திருநெல்வேலிச் சீமையில் எந்தத் தெருவிலும் கேட்கக்கூடிய இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் கட்டட விதிகளின் சாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. இருவர் சொல்வதும் உண்மை. அந்த இரண்டு உண்மைகளுக்கும் ஒரே இடத்தில் இடமளிக்கவே சட்டம் முயல்கிறது. அதைப் புரிந்துகொள்ளாததால்தான், அரை நாளில் தீரவேண்டிய சச்சரவு, நீதிமன்றத்தில் தலைமுறை கடந்தும் நிற்கிறது.

முதலில் ஒரு தெளிவு தேவை. கொட்டகைத் தகராறு என்று நாம் ஒரே பெயரிட்டு அழைப்பதில் மூன்று வேறு வேறு கேள்விகள் கலந்து கிடக்கின்றன.

முதல் கேள்வி, எல்லை. கொட்டகையின் கால் அடுத்தவர் நிலத்தில் ஊன்றப்பட்டிருக்கிறதா? இது நில அளவை தொடர்பானது. வட்டாட்சியர் அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி, நில அளவரைக் கொண்டு அளந்து கல் நட்டுவிட்டால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். உரிமையே சிக்கலில் இருந்தால் உரிமையியல் நீதிமன்றம்தான் வழி.

இரண்டாவது கேள்வி, இடைவெளி. கொட்டகை முழுக்க முழுக்கச் சொந்த நிலத்திலேயே இருக்கலாம். ஆனாலும், எல்லையிலிருந்து விட வேண்டிய திறந்த இடத்தை அது விழுங்கியிருக்கிறதா? 'செட்பேக்' என்று பேச்சு வழக்கிலும், 'பக்கத் திறவிடம்' என்று அலுவலக வழக்கிலும் சொல்லப்படுவது இதைத்தான். இது நகரமைப்புச் சட்டத்தின் கேள்வி; இதற்குப் பொறுப்பு நகராட்சி.

மூன்றாவது கேள்வி, பக்கத்து வீட்டுக்காரரின் தனி உரிமை. 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, ஒரு ஜன்னல் வழியே வரும் காற்றையும் வெளிச்சத்தையும் 20 ஆண்டுகள் தடையின்றி, உரிமையாக அனுபவித்து வந்தவர் அந்த வசதிக்கு உரிமை கோரலாம். அடுத்த வீட்டின் இறவாரத் தண்ணீர் தம் நிலத்தில் விழுவதைத் தடுக்கவும் நிலத்துக்கு உரியவர் நீதிமன்றத்தை நாடலாம். அது நெடுங்கால வழக்கத்தால் ஏற்பட்ட உரிமை என்று எதிராளி நிரூபித்தாலொழிய.

இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல், எல்லைத் தகராறுக்கு நகராட்சியிலும், இடைவெளிப் புகாருக்குக் காவல் நிலையத்திலும் மனுக் கொடுப்பதால்தான் ஆண்டுகள் வீணாகின்றன. 'என் நிலத்தில்தானே கட்டுகிறேன்' என்ற வாதம் முதல் கேள்விக்கு மட்டுமே விடை. இரண்டாவது கேள்விக்கு அது விடையே அல்ல. ஏனெனில், சொந்த நிலத்தில் கட்டும்போது மட்டும்தான் திறவிடம் என்ற கேள்வியே எழுகிறது.

சொந்தக் காசு கொடுத்து வாங்கிய மண்ணில் சில அடிகளைச் சும்மா விட வேண்டும் என்று அரசு ஏன் சொல்கிறது? இதற்கு நம் நாட்டில் துயரமான ஒரு பின்னணி உண்டு. 1896-இல் பம்பாயில் கொள்ளைநோய் பரவியது. காற்றும் வெளிச்சமும் புகாத, ஒன்றையொன்று ஒட்டி எழுந்த நெருக்கமான குடியிருப்புகளில் மக்கள் கொத்துக்கொத்தாக மடிந்தனர். அதன் விளைவாக 1898-இல் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை உருவானது. கட்டடத்துக்கும் எதிரில் உள்ள சுவருக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருந்தால் அறைக்குள் வானத்தின் வெளிச்சம் வரும் என்று அதன் பொறுப்பாளர்கள் கணக்கிட்டனர். அறுபத்து மூன்றரை டிகிரிக் கோணம் என்று அந்தக் கணக்கு பெயர் பெற்றது.

அந்தக் கோணத்தின் பொருள் எளிமையானது: எதிரே நிற்கும் சுவரின் உயரத்தில் பாதியளவு தரையில் இடைவெளி வேண்டும். பத்தடி உயரச் சுவருக்கு ஐந்தடி. இருபது அடிச் சுவருக்குப் பத்தடி. இன்றைய கட்டட விதிகளில் சிறு வீடுகளுக்கு அடிக்கடி காணப்படும் 1.5 மீட்டர் என்ற அளவும் ஏறத்தாழ ஐந்தடிதான். அலுவலர் ஒருவர் மனம்போன போக்கில் எழுதிய எண் என்று அதைத் தள்ளிவிட முடியாது. ஒரு தளச் சுவருக்குப் பின்னால் இருக்கும் அறை இருண்டு போகாமலிருக்க ஏறத்தாழ அவ்வளவு இடம் வேண்டும்.

வெளிச்சம் மட்டுமல்ல. சங்கரன்கோவில் போன்ற வறண்ட பகுதியில் மழை எப்போதாவதுதான் வரும். வரும்போது கொட்டித் தீர்க்கும். பத்தடிக்குப் பன்னிரண்டு அடி அளவுள்ள ஒரு சிறிய தகரக் கூரையின்மீது ஐந்து சென்டிமீட்டர் மழை பெய்தால், அதிலிருந்து வழியும் தண்ணீர் 550 லிட்டருக்கு மேல். அந்தக் கூரை மதிலுக்கு மேல் சாய்ந்திருந்தால், அவ்வளவு தண்ணீரும் அடுத்த வீட்டுச் சுவரின் அடியில் போய் இறங்கும். ஈரம் ஏறிய சுவரில் சுண்ணாம்பு உதிரும். கோபம் மட்டும் உதிராமல் தங்கிவிடும்.

2003-இல் தமிழகத்தில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அந்தச் சேகரிப்புக் குழிக்கும், கழிவுநீர்த் தொட்டிக்கும், அதைச் சுத்தம் செய்யக் குழாயுடன் வரும் ஆளுக்கும், தீப்பிடித்தால் ஏணியுடன் ஓடிவரும் தீயணைப்பு வீரருக்கும் சிறு மனையில் இருக்கும் ஒரே இடம் இந்தப் பக்கத் திறவிடம்தான். வெற்றிடம் என்று நாம் நினைப்பது பல வேலைகளைச் செய்துகொண்டிருக்கிறது. வேலை நின்ற பிறகுதான் அது தெரிகிறது.

சென்னை மாகாணத்தில் 1920-இல் நகரமைப்புச் சட்டம் வந்தது. அதன் இடத்தில் வந்ததே 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். நகராட்சிகளுக்கென 1972-இல் தனிக் கட்டட விதிகள் வந்தன. இப்போது மாநிலம் முழுமைக்கும் பொதுவாக நடைமுறையில் இருப்பவை 2019 பிப்ரவரியில் வெளியான தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். இவற்றின்படி, வீட்டின் முன்புறம் விட வேண்டிய இடம் எதிரே உள்ள சாலையின் அகலத்தைப் பொறுத்தது. பக்கவாட்டில் விட வேண்டியது மனையின் அகலத்தையும் கட்டடத்தின் உயரத்தையும் பொறுத்தது. ஆகவே, ஒரே தெருவில் இரு வீடுகளுக்கு இரு வேறு அளவுகள் வரலாம். 'அவர் மூன்றடிதான் விட்டிருக்கிறார், நான் ஏன் ஐந்தடி விட வேண்டும்?' என்று கேட்பவர், முதலில் இரு மனைகளின் அகலத்தையும் பார்க்க வேண்டும்.

திறவிடத்தில் எதுவுமே கூடாது என்று விதி சொல்லவில்லை. குறிப்பிட்ட உயரத்துக்கு உட்பட்ட சுற்றுச்சுவர், சிறிய அளவில் நீட்டப்படும் ஜன்னல் மறைப்பு, சிறிய மோட்டார் அறை போன்றவற்றுக்கு அளவு வரையறையுடன் இடமுண்டு. ஆனால், கூரை போட்ட கொட்டகை அந்தப் பட்டியலில் அடங்காது. 'இது கட்டடமே இல்லை. நான்கு கம்பி நட்டுத் தகரம் போட்டிருக்கிறேன்' என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்குச் சட்டத்தில் ஆதாரமில்லை. 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டமே, கட்டடம் என்ற சொல்லுக்குள் கொட்டகை, குடிசை, தொழுவம் ஆகியவற்றைச் சேர்த்து, செங்கல், மரம், மண், உலோகம் என எந்தப் பொருளால் ஆனாலும் அது கட்டடமே என்று வரையறுத்திருந்தது.

ஆனால், விதியின் பக்கம் மட்டும் நின்று பேசுவதும் நியாயமாகாது. இந்த விதிகள் மனத்தில் கொண்டிருப்பது நாற்புறமும் இடம் விட்டு நடுவில் வீடு நிற்கும் ஒரு மனையை. நம் பழைய ஊர்களின் தெருக்கள் அப்படி அமைந்தவை அல்ல. பக்கத்துச் சுவரும் நம் சுவரும் ஒன்றாக, முன்னால் திண்ணை, உள்ளே முற்றம், பின்னால் கிணறும் புறவாசலும் என்று நீண்டு கிடக்கும் வீடுகள் அவை. அந்த வீடுகளுக்குக் காற்றையும் வெளிச்சத்தையும் தந்தது பக்கவாட்டு இடைவெளி அல்ல, முற்றமும் புறவாசலும்தான். இதை உணர்ந்தே, வீடுகள் ஒட்டி அமைந்த பழைய தெருக்களைத் தொடர் கட்டடப் பகுதி என்று அறிவித்து, அங்கே பக்கவாட்டு இடைவெளி வேண்டாம் என்று விதிகள் விலக்கும் அளிக்கின்றன. தம் தெரு அப்படி அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்பதே பலருக்குத் தெரியாது. கொட்டகை போடுமுன் நகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

சங்கரன்கோவிலுக்கு இன்னொரு தனித்தன்மையும் உண்டு. அது நெசவு ஊர். கைத்தறிக் காலத்தில் வீடும் தொழிற்கூடமும் ஒன்றே. தறிக்குழி வீட்டுக்குள்ளேயே இருந்தது. விசைத்தறி வந்தபோது, வீட்டை ஒட்டியோ புறவாசலிலோ தறிக்கூடம் எழுந்தது. அந்தக் கொட்டகையில்தான் ஒரு குடும்பத்தின் சோறு இருக்கிறது. அதே நேரத்தில், சாமான் போடும் கொட்டகையும் தறி ஓடும் கொட்டகையும் அண்டை வீட்டாருக்கு ஒன்றல்ல. முன்னது வெளிச்சத்தை மட்டும் மறைக்கும். பின்னது அதிர்வையும் ஓசையையும் இரவிலும் அனுப்பும். அதனால்தான் குடியிருப்புப் பகுதியில் எவ்வகைத் தொழிலை, எவ்வளவு திறன் கொண்ட மின்மோட்டாருடன் நடத்தலாம் என்பதற்குத் தனி வரம்பு வைத்திருக்கிறார்கள். எனவே, கொட்டகை எங்கே நிற்கிறது என்பதோடு, உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் சட்டம் கேட்கும்.

இந்த விவகாரத்தில் தலையிட அடுத்த வீட்டுக்காரருக்கு என்ன உரிமை என்ற கேள்விக்கு உச்சநீதிமன்றம் 1974-லேயே விடை சொல்லிவிட்டது. கர்நாடக மாநிலம் உடுப்பியில், குடியிருப்புப் பகுதியில் திருமண மண்டபம் கட்ட அனுமதி பெற்றவர், பின்னர் அதைத் திரையரங்காக மாற்றிக்கொள்ள நகராட்சியிடம் அனுமதி வாங்கினார். அப்பகுதிவாசி ஒருவர் வழக்குத் தொடுத்தார். இடமும் கட்டடமும் அவருடையவை அல்ல. ஆனாலும், நகரமைப்புத் திட்டம் அப்பகுதியில் வாழ்வோரின் நன்மைக்காகவே இருக்கிறது. அதை மீறும்போது கேள்வி கேட்கும் உரிமை அங்கே வாழ்பவருக்கு உண்டு. சட்டம் தராத அதிகாரத்தை நகராட்சி பயன்படுத்தினால், யாரும் எதிர்க்கவில்லை என்பதற்காக அது சரியாகிவிடாது என்று நீதிமன்றம் கூறியது. ராமதாஸ் ஷெனாய் வழக்கு என்று அறியப்படும் இத்தீர்ப்பு, 'உங்களுக்கென்ன?' என்ற கேள்விக்கான சட்டத்தின் பதில்.

மீறல் உறுதியானால் இடித்துத்தான் ஆக வேண்டுமா? இங்கேதான் பொதுமக்களின் புரிதலும் சட்டமும் வெகுதூரம் விலகி நிற்கின்றன. 1950-களின் நடுவில் கல்கத்தா மாநகராட்சிக்கும் ஒரு வீட்டு உரிமையாளருக்கும் இடையிலான வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. அனுமதியின்றிக் கட்டியது தவறு என்பதை நீதிமன்றம் ஏற்றது. ஆனால், இடிக்க உத்தரவிடலாம் என்று சட்டம் சொல்வதற்கு, எப்போதும் இடித்தே ஆக வேண்டும் என்பது பொருளல்ல. மீறலின் தன்மையையும் பொதுநலனையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று கூறி, அந்த வழக்கில் இடிக்க உத்தரவிட மறுத்துவிட்டது.

2004-இல் ஒடிசாவின் கட்டாக் நகர அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் வழக்கில் இந்த வேறுபாடு மேலும் தெளிவானது. அறியாமையாலோ நல்லெண்ணத்துடன் நேர்ந்த பிழையாலோ தனிமனிதர் செய்யும் சிறு விலகலைப் பொறுக்கலாம். விதிகளை நன்கு அறிந்த கட்டுமானத் தொழில்முறையாளர் லாபத்துக்காக வேண்டுமென்றே செய்யும் மீறலுக்கு இரக்கம் காட்டக் கூடாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

2024-ஆம் ஆண்டின் இரு தீர்ப்புகளைச் சேர்த்துப் படிப்பதும் அவசியம். நவம்பர் 13-ஆம் தேதி தீர்ப்பில், இடிப்பதற்கு முன் குறைந்தது 15 நாள் அவகாசத்துடன் அறிவிக்கை தர வேண்டும். உரியவரின் விளக்கத்தை நேரில் கேட்க வேண்டும். மீறலை அபராதத்தால் சரிசெய்ய முடியுமா, ஒரு பகுதியை மட்டும் அகற்றினால் போதுமா, இடிப்பு மட்டுமே ஏன் வழி என்பதையெல்லாம் உத்தரவில் எழுத வேண்டும். உத்தரவுக்குப் பின்னும் 15 நாள் காத்திருக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் விதித்தது. சாலை, நீர்நிலை போன்ற பொது இடங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளுக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது. அடுத்த மாதமே, டிசம்பர் 17-ஆம் தேதி, மீரட் நகரக் கட்டடம் தொடர்பான வழக்கில், நீண்ட காலம் கடந்துவிட்டது, பணம் முதலீடு செய்யப்பட்டுவிட்டது, அதிகாரிகள் கண்டும் காணாமல் இருந்தார்கள் என்ற காரணங்களால் சட்டவிரோதக் கட்டுமானம் சட்டபூர்வமாகிவிடாது என்றும் அதே நீதிமன்றம் கூறியது. முதல் தீர்ப்பு அவசரத்தைக் கண்டிக்கிறது. இரண்டாவது தீர்ப்பு அலட்சியத்தைக் கண்டிக்கிறது. நம் நகராட்சிகளுக்கு இந்த இரு கண்டிப்புகளும் தேவைப்படுகின்றன.

உண்மையில், கொட்டகைத் தகராறு பகையாக முற்றுவதற்குக் காரணம் சட்டத்தின் கடுமையல்ல, நடைமுறையின் மௌனம். அஸ்திவாரம் தோண்டும்போது தடுக்க வேண்டியவர்கள் வருவதில்லை. கூரை ஏறி, மின் இணைப்பும் கொடுத்து, பத்தாண்டுகள் கழித்து, அண்டை வீட்டார் இருவரும் வேறு ஏதோ காரணத்துக்காகப் பேசாமல் போன பிறகுதான் அந்தக் கொட்டகை 'விதிமீறல்' ஆகிறது. அப்போது வரும் புகார் மனுவில் பாதி ஐந்தடி இடத்தைப் பற்றியது. மீதிப் பாதி பழைய மனக்கசப்பு.

இந்த மௌனத்துக்கு மாநில அளவிலும் ஒரு வரலாறு உண்டு. நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-ஆவது பிரிவு, எந்தக் கட்டடத்துக்கும் விதிகளிலிருந்து விலக்களிக்கும் அதிகாரத்தை அரசுக்கு வழங்கியது. அதைப் பயன்படுத்திச் சென்னையில் வழங்கப்பட்ட 62 விலக்கு ஆணைகளை, நுகர்வோர் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில், 2000-இல் உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. அதிகாரம் செல்லும், காரணமின்றி அதைப் பயன்படுத்தியது செல்லாது என்றது. அதற்கு முன்னும் பின்னும் வரன்முறைத் திட்டங்கள் வந்தன. 2007 ஜூலை 1-க்கு முன் கட்டப்பட்டவற்றை வரன்முறைப்படுத்த 2017-இல் வழிமுறைகள் வெளியாயின. முதலில் கட்டு, பிறகு பணம் கட்டு என்ற பாடத்தை மக்கள் எங்கிருந்து கற்றார்கள் என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. பெரிய கட்டடங்கள் விலக்குப் பெறுவதைப் பார்க்கும் சிறு வீட்டுக்காரர், தம் தகரக் கொட்டகைக்கு மட்டும் அறிவிக்கை வரும்போது அநீதி என்று குமுறுவதில் வியப்பில்லை.

இப்போது இன்னொரு மாற்றமும் நிகழ்ந்திருக்கிறது. 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில் 3,500 சதுர அடிக்கு மேற்படாத வீடு கட்டுவோர், சுயசான்றின் அடிப்படையில் இணையவழியே உடனடியாக அனுமதி பெறலாம். அலைச்சலையும் இடைத்தரகையும் குறைக்கும் நல்ல ஏற்பாடு இது. ஆனால், இதன் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். விதிப்படி இடம் விடுகிறேன் என்று உரிமையாளரே உறுதிமொழி தருகிறார். அனுமதிக்கு முன் யாரும் வந்து பார்ப்பதில்லை. ஆகவே, மீறலை முதலில் காண்பவர் அலுவலராக இருக்க மாட்டார். அடுத்த வீட்டுக்காரராகத்தான் இருப்பார். நேர்மையை நம்பும் அரசு, அந்த நேர்மை தவறும்போது வரும் புகாரையும் அதே வேகத்தில் கேட்க வேண்டும். இல்லையேல் கண்காணிப்பின் சுமை முழுவதும் அண்டை வீட்டார்மீது விழும், உறவும் கெடும்.

என்ன செய்யலாம்? முதலாவது, அளவை. கொட்டகை போடுமுன் இரு வீட்டாரும் கூடி நின்று எல்லையை அளந்துகொள்வது. இதற்கு ஆகும் செலவு, பின்னால் ஆகும் ஒரு வாய்தாவின் செலவைக்கூட எட்டாது. இரண்டாவது, எளிய தமிழில் ஒற்றைப் பக்க அறிவிப்பு. எந்த அகல மனைக்கு எத்தனை அடி விட வேண்டும், எந்தெந்தத் தெருக்கள் தொடர் கட்டடப் பகுதிகள் என்பதை நகராட்சி அலுவலகத்திலும் வார்டுகளிலும் படம் போட்டு ஒட்டிவைக்கலாம். விதி அரசிதழில் மட்டும் இருந்தால் அது மக்களுக்குச் சொன்னதாகாது.

மூன்றாவது, சிறு கொட்டகைகளுக்குத் தனி விதி. இங்கிலாந்தில் வீட்டின் பின்புறத்தில் போடும் கொட்டகைக்குப் பொதுவாக அனுமதியே தேவையில்லை. ஆனால், எல்லையிலிருந்து இரண்டு மீட்டருக்குள் இருந்தால் அதன் உயரம் இரண்டரை மீட்டரைத் தாண்டக் கூடாது. எல்லையை நெருங்கினால் தாழ்ந்து நில் என்ற இந்த ஒரு வரி, எவருக்கும் நினைவில் நிற்கும். சாமான் கொட்டகைக்கும் தறிக்கூடத்துக்கும் மாடி வீட்டுக்கும் ஒரே அளவுகோலை வைப்பதைவிட, உயரம், கூரைச் சரிவின் திசை, மழைநீர்க் குழாய், பயன்பாடு ஆகிய நான்கையும் நிபந்தனையாக்கி நம் விதிகளிலும் இத்தகைய பிரிவைச் சேர்க்கலாம். அடுத்த வீட்டின் பக்கம் சாய்ந்த கூரையைத் தம் பக்கம் திருப்பி, ஒரு தகரக் குழாய் வைத்தாலே தீர்ந்துவிடக்கூடிய வழக்குகள் பல.

நான்காவது, படிப்படியான நடவடிக்கை. புகார் வந்தால் முதலில் நேரில் அளவு, அடுத்து, திருத்திக்கொள்ள எழுத்து மூலம் அவகாசம், பின்னர் அபராதம், காற்றையோ வழியையோ தண்ணீரையோ உண்மையிலேயே தடுக்கும் பகுதிக்கு மட்டும் அகற்றல் உத்தரவு. நீதிமன்றத்தில் ஏற்கெனவே நிற்கும் வழக்குகளுக்கு மக்கள் நீதிமன்றம் ஏற்ற இடம். அங்கே ஏற்படும் சமரசமே தீர்ப்பாகும், மேல்முறையீடு இல்லை, கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். இரு தரப்பும் ஒரே சுவரின் இருபுறமும் தொடர்ந்து வாழ வேண்டியிருக்கும்போது, ஒருவர் தோற்று ஒருவர் வெல்லும் தீர்ப்பைவிட இதுவே நீடிக்கும்.

நூறாண்டுகளுக்கு முன், 1914-15-இல், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெடஸ் சென்னை மாகாண நகரங்களைச் சுற்றிப் பார்த்தார். நெருக்கடியான பழைய பகுதிகளை இடித்து நேர் சாலை போட வேண்டும் என்பதே அன்றைய பொறியாளர்களின் மருந்து. கெடஸ் அதை ஏற்கவில்லை. தஞ்சாவூர் பற்றிய தம் அறிக்கையில், எங்கே ஒரு சிறு இடத்தைத் திறந்தால் காற்று வரும், எங்கே ஒரு பாழ் சுவரை எடுத்தால் வழி கிடைக்கும் என்று தெருத்தெருவாகப் பார்த்துச் செய்யும் 'காக்கும் அறுவை'யை அவர் முன்வைத்தார். குடும்பங்களை வெளியேற்றாமல், குறைந்த செலவில் அதே பயனை அடைய முடியும் என்பது அவர் வாதம். அவர் கையில் இருந்தது இடிப்பு இயந்திரம் அல்ல. அளவு நாடாவும் பொறுமையும்தான்.

புறவாசல் கொட்டகைக்கும் அந்த வைத்தியம்தான் பொருத்தம். மதிலோரம் நாம் விடும் ஐந்தடி நம் பட்டாவில் இருக்கிறது. வரியும் நாம்தான் கட்டுகிறோம். ஆனால், அதன் வழியே வரும் வெளிச்சம் அடுத்த வீட்டின் அடுப்படியில் விழுகிறது. அவர் விட்ட ஐந்தடியின் காற்று நம் கூடத்தில் வீசுகிறது. வசதியுரிமைச் சட்டம் 20 ஆண்டுகள் காத்திருந்தவருக்கு மட்டுமே துணை நிற்கும். திறவிட விதியோ நேற்றுக் குடிவந்தவருக்கும் அதே வெளிச்சத்தை உறுதி செய்கிறது. இரு வீட்டாரும் ஆளுக்குச் சில அடிகளை ஒருவருக்காக ஒருவர் விட்டுவைக்கும் ஏற்பாடு இது. அதை இருவருக்கும் நினைவூட்ட வேண்டிய கடமை நகராட்சிக்கு உண்டு. அதை முதல் கம்பி ஊன்றப்படும் நாளிலேயே செய்ய வேண்டும்.